பதிவிறக்கும் கோப்பில் தமிழ்ப் பெயர் சிதையாமல் வர: முழுமையான வழிகாட்டி

"தம்பி, உங்க தளத்துல இருந்து நாலு இதழ் இறக்கினேன். போன்ல பார்த்தா டவுன்லோடு, டவுன்லோடு ஒண்ணு, டவுன்லோடு ரெண்டுன்னு கிடக்கு. எதுல எது இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போனில் கேட்டது இது. பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ஒரு சிறிய காப்பகத் தளத்தை நான் பராமரிக்கிறேன். தளத்தின் பக்கத்தில் தமிழ்ப் பெயர் அழகாகத்தான் தெரிகிறது. கோப்பாக இறங்கும்போது அது காணாமல் போகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எந்த இதழ் என்று தாளில் குறித்து வைத்துக்கொண்டு படித்ததாகச் சொன்னார். அன்றைக்கு உட்கார்ந்து சரிசெய்யத் தொடங்கினேன். முடிக்க மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் பழுது ஓர் இடத்தில் மட்டும் இருக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தளம் நடத்துபவர்கள், நிரல் எழுதுபவர்களுக்கானது இது. நிரலிலும் ஹெடரிலும் (சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் தலைப்புக் குறிப்பு) வரும் சொற்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே அவற்றை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

பெயர் போகும் வழி

ஒரு கோப்பின் பெயர் வாசகர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் பல கை மாறுகிறது. நீங்கள் கோப்பை ஏற்றும்போது உலாவி அதன் பெயரை சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் நிரல் அதைச் 'சுத்தம்' செய்து தரவுத்தளத்தில் வைக்கிறது. வாசகர் கேட்கும்போது சர்வர் அந்தப் பெயரை ஒரு ஹெடரில் எழுதி அனுப்புகிறது. வாசகரின் உலாவி அதைப் படித்துப் புரிந்துகொள்கிறது. கடைசியாக அவருடைய கணினியோ போனோ வட்டில் எழுதிக்கொள்கிறது. நடுவில் ஜிப் கட்டினால் இன்னொரு கை கூடும்.

பெரும்பாலோர் உலாவியைத்தான் குறை சொல்கிறார்கள். இன்றைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாமே தமிழ்ப் பெயரை ஒழுங்காகக் கையாளும். அவற்றுக்கு நாம் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: சிதைந்த பெயரை உற்றுப் பாருங்கள்

நிரலைத் திறப்பதற்கு முன்னால், இறங்கிய கோப்பின் பெயர் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கையில் உடைந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிய வேண்டும். யூனிகோடு குறிகளைக் கணினி பைட்டுகளாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில், நாம் வழக்கமாக எழுதும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'த' என்பது 224, 174, 164. 'க' என்பது 224, 174, 149. புள்ளி தனிக்குறி, அது 224, 175, 141. வழக்கத்தில் உள்ள எந்தத் தமிழ்க் குறியை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது பைட் 174 அல்லது 175. மூன்றாவது மட்டும்தான் மாறும்.

இந்த பைட்டுகளை வேறு குறியாக்கம் என்று நினைத்து யாராவது படித்தால் ஒரே தினுசு மீண்டும் மீண்டும் வரும். மேலே சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ', அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக முத்திரைக் குறி, மறுபடி அதே ஜோடி என்று வரிசையாக வந்தால், யூடிஎஃப்-8 பெயரை யாரோ லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று படித்திருக்கிறார்கள். அந்த 224-உம் 174-உம்தான் அங்கே நிற்கின்றன. பழுது ஹெடரிலோ கோப்பை ஏற்றிய இடத்திலோ இருக்கும்.

அதற்குப் பதில் கிரேக்க 'ஆல்ஃபா'வும், அதை அடுத்து இரட்டை அம்புமுனை போன்ற பிரெஞ்சு மேற்கோள் குறியும் மாறி மாறி வருகிறதா? அது ஜிப். பழைய ஐபிஎம் கணினியின் குறியாக்கமான 437-இல் 224 என்றால் ஆல்ஃபா, 174-உம் 175-உம் அந்த மேற்கோள் குறிகள். நேராகப் படி 8-க்குப் போய்விடுங்கள்.

சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீண்ட வால் வந்தால், குறியாக்கம் செய்த பெயரைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அதில் %25 அடிக்கடி தென்பட்டால் ஒரே பெயரை இரண்டு தடவை குறியாக்கம் செய்திருக்கிறீர்கள். சதவீதக் குறியே மறுபடி குறியாக்கப்பட்டால் %25 ஆகும். சொற்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால், இணையப் படிவத்துக்கான குறியாக்கத்தைக் கோப்புப் பெயருக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் தமிழை ஏற்காத ஓர் இடத்தில் பெயர் ஏற்கெனவே அழிந்துவிட்டது. தரவுத்தளத்தையே முதலில் பாருங்கள்.

தமிழ் எழுத்து வருகிறது, ஆனால் 'திருக்குறள்' என்பது 'தரககறள' என்று வருகிறதா? இதுதான் எனக்கு அதிக வேதனை தந்தது. படி 5 முழுக்க அதைப் பற்றித்தான்.

பழைய கோப்புகளில் இன்னொரு வகை உண்டு. பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் சாதாரண ஆங்கில எழுத்துதான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து சூட்டிய பெயர் அது. ஆவணத்துக்குள் எழுத்துருவை மாற்றலாம், கோப்புப் பெயருக்கு அப்படி மாற்ற முடியாது. அது கணினியின் சொந்த எழுத்துருவில்தான் தெரியும். இதற்கு சர்வரில் செய்ய ஒன்றுமில்லை. மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து பெயரை மாற்றுங்கள்.

படி 2: சர்வர் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள்

உலாவியில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதிக்குப் போய், பதிவிறக்க இணைப்பை அழுத்துங்கள். அந்தக் கோரிக்கைக்கு வந்த பதில் ஹெடர்களில் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்ற வரியைத் தேடுங்கள்.

அந்த வரியே இல்லையென்றால், உலாவி இணைய முகவரியின் கடைசித் துண்டை எடுத்துப் பெயராக வைத்துக்கொள்ளும். முகவரி 'டவுன்லோடு' என்று முடிந்தால் கோப்பும் 'டவுன்லோடு'தான். ஆசிரியர் அம்மாவின் போனில் நடந்தது இதுதான். எங்கள் இணைப்புகள் எல்லாம் டவுன்லோடு என்று முடிந்து, அதன் பிறகு கேள்விக்குறி போட்டு இதழ் எண் வரும். உலாவி கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பெயராக எடுப்பதில்லை.

படி 3: ஹெடரை இரட்டைப் பெயரோடு எழுதுங்கள்

இந்த ஹெடர் முதலில் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக வந்தது. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2183 (ஆர்எஃப்சி என்பவை இணைய விதிமுறை ஆவணங்கள்) அதன் மின்னஞ்சல் வடிவம். இணையம் அதை இரவல் வாங்கிக்கொண்டது. ஹெடருக்குள் என்ன எழுத்து வரலாம் என்பதில் இணையத்தின் பழைய வழக்கம் லத்தீன்-1. பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் அது ஓரளவு போதும். தமிழுக்கு அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

ஆகவே ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் ஒரு வழி கண்டது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சதவீதக் குறியாக்கத்தைத் தானே அவிழ்த்துக்கொண்டது. வேறு சில, மின்னஞ்சல் தலைப்புகளில் வரும் குறியாக்கத்தைப் புரிந்துகொண்டன. எந்த உலாவி என்று பார்த்து வேறு வேறு ஹெடர் அனுப்பும் நிரல்கள் அப்போதுதான் பெருகின. அந்தக் காலத்து நிரல் உங்கள் தளத்தில் இன்னும் இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

ஒழுங்கு வந்தது 2010, 2011-இல். 2010-இன் ஆர்எஃப்சி 5987, ஹெடருக்குள் பிறமொழி எழுத்துகளை எப்படி எழுதுவது என்று சொன்னது. 2011 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 6266 அதைக் கோப்புப் பெயருக்குப் பொருத்தியது. 5987-க்குப் பதிலாக 2017-இல் ஆர்எஃப்சி 8187 வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9-ஆம் பதிப்பிலும், சஃபாரி 6-ஆம் பதிப்பிலும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதற்கு முன்பே ஏற்றிருந்தன. இன்று யார் கையில் எந்த உலாவி இருந்தாலும் இதை நம்பலாம்.

சரி, எழுதுவது எப்படி? ஒரே ஹெடரில் பெயரை இரண்டு தடவை தர வேண்டும்:

அட்டாச்மென்ட்; ஃபைல்நேம்="1968-03.பிடிஎஃப்"; ஃபைல்நேம்*=யூடிஎஃப்-8''குறியாக்கிய-தமிழ்ப்-பெயர்

முதல் பெயரில் ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டும். மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். புது முறை தெரியாத பழைய கருவிகளுக்கான மாற்று ஏற்பாடு அது.

இரண்டாவதில் நட்சத்திரக் குறி உண்டு. அதுதான் உயிர்நாடி. சமக்குறிக்குப் பிறகு யூடிஎஃப்-8, அப்புறம் இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள். அவை இரட்டை மேற்கோள் அல்ல, அடுத்தடுத்த இரண்டு ஒற்றைகள். அவற்றின் நடுவே மொழியின் பெயர் வரலாம், காலியாகவும் விடலாம். பிறகு சதவீதக் குறியாக்கம் செய்த பெயர், மேற்கோள் இல்லாமல். பலர் இங்கேதான் பழக்கதோஷத்தில் மேற்கோள் போட்டுவிடுகிறார்கள்.

வரிசையும் முக்கியம். நட்சத்திரம் இல்லாதது முன்னால், நட்சத்திரம் உள்ளது பின்னால். ஆர்எஃப்சி 6266 இதையே பரிந்துரைக்கிறது, ஏனென்றால் சில பழைய கருவிகள் வரிசை மாறினால் தடுமாறும். இரண்டும் இருக்கும்போது புது உலாவிகள் நட்சத்திரம் உள்ளதைத்தான் எடுக்கும்.

"நான் மேற்கோளுக்குள் நேராகத் தமிழையே எழுதினேன், குரோமில் சரியாக வருகிறதே" என்று ஒரு நண்பர் வாதாடினார். வரும். உலாவி அதை யூடிஎஃப்-8 ஆக இருக்கலாம் என்று ஊகித்துப் பார்க்கிறது. ஆனால் ஊகத்தை நம்பி ஒரு காப்பகத்தை நடத்தக்கூடாது. நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வந்தாலும், வாசகர் வேறு பதிவிறக்கச் செயலியைப் பயன்படுத்தினாலும் பெயர் உடைந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் நோட் சர்வரில் இந்த வாதத்துக்கே இடமில்லை: ஹெடரில் நேராகத் தமிழை வைத்தால் பிழை காட்டி நின்றுவிடும்.

படி 4: நீங்கள் எழுதும் மொழியில்

முடிந்தவரை இந்த ஹெடரைக் கையால் எழுதாதீர்கள். உங்கள் ஃபிரேம்வொர்க்கில் அதற்கென்று வசதி இருக்கும். ஜாங்கோவில் ஃபைல்ரெஸ்பான்ஸ், ஃபிளாஸ்கில் சென்ட்ஃபைல், எக்ஸ்பிரஸில் டவுன்லோடு, ஸ்பிரிங்கில் கன்டென்ட்டிஸ்பொசிஷன் என்ற வகுப்பு, ஏஎஸ்பி டாட்நெட் கோரில் ஃபைல் முறை. இவை எல்லாமே பெயரைக் கொடுத்தால் நட்சத்திர வடிவத்தைத் தாமே எழுதிக்கொள்ளும். ஸ்பிரிங்கில் மட்டும் யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.

கையால் எழுதியே ஆக வேண்டுமென்றால் சில குழிகள் உண்டு. பிஎச்பியில் 'ராயூஆர்எல்என்கோடு' வேண்டும். 'ரா' இல்லாத வெறும் 'யூஆர்எல்என்கோடு' இடைவெளியைக் கூட்டல் குறியாக்கிவிடும். ஜாவாவின் யூஆர்எல்என்கோடரும் அதையே செய்யும், பிறகு கூட்டலை %20 ஆக மாற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் 'என்கோட்யூஆர்ஐகம்போனென்ட்' தமிழைச் சரியாகக் குறியாக்கும், ஆனால் ஒற்றை மேற்கோள், இரண்டு அடைப்புக்குறிகள், நட்சத்திரம் ஆகிய நான்கையும் தொடாமல் விட்டுவிடும். ஹெடரில் அவை குறியாக்கப்பட்டிருக்க வேண்டும். '(இரண்டாம் பதிப்பு)' என்று பெயரில் வராத தமிழ் நூல் ஏது? ஆகவே அந்த நான்கையும் தனியாக மாற்றுங்கள்.

கோப்புகள் மேகச் சேமிப்பகத்தில் இருந்து, கையொப்பமிட்ட இணைப்பு தருகிறீர்கள் என்றால், ஹெடரின் மதிப்பு முழுவதையும் முகவரிக்குள் ஒரு தடவை குறியாக்க வேண்டிவரும். அங்கே மட்டும் %25 தெரிவது சரி.

படி 5: 'சுத்தம்' செய்யும் வரியைத் திருத்துங்கள்

ஹெடரை எல்லாம் சரிசெய்த பிறகும் எங்கள் தளத்தில் 'கோவில் கலை' என்ற சிறப்பிதழ் 'கவல கல' என்றுதான் இறங்கியது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். அதிலேயே 'கவல கல' என்று கிடந்தது. கோப்பை ஏற்றிய அன்றே பெயர் போயிருக்கிறது.

காரணம் ஒரே ஒரு வரி. எழுத்தும் எண்ணும் அல்லாத எதையும் நீக்கு என்று பாதுகாப்புக்காக எழுதிய வரி. யூனிகோடு தமிழில் 'க', 'வ', 'ல' எழுத்துகள் என்ற வகையில் வரும். கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் எழுத்து என்ற வகையில் வருவதில்லை. அவை 'குறிகள்' என்ற தனி வகை. 'கோ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு 'க' என்ற எழுத்தும், ஓகாரக் குறியும். எழுத்தை மட்டும் வை என்றால் குறியைத் தூக்கி எறிந்துவிடும்.

பைத்தானோடு வரும் 'ரீ' நூலகத்தில் சொல்லெழுத்து என்று பொருள்படும் சுருக்கக் குறியைப் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே சுருக்கக் குறி ஆங்கிலத்தை மட்டுமே எழுத்தாக எண்ணும், தமிழ் முழுவதும் போய்விடும். ஃபிளாஸ்கோடு பலர் பயன்படுத்தும் 'செக்யூர்ஃபைல்நேம்' தமிழ்ப் பெயரை முழுக்கத் துடைத்துவிட்டு நீட்டிப்பை மட்டும் திருப்பித் தரும். அது சேமிக்கும் இடத்துக்கான உள்பெயருக்கு ஏற்பட்ட கருவி. வாசகருக்குக் காட்டும் பெயரில் அதைக் கை வைக்க விடாதீர்கள்.

தீர்வு இரண்டு. நூலகம் அனுமதித்தால், எழுத்து என்ற வகையோடு குறி என்ற வகையையும் சேர்த்து அனுமதியுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது: எதை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போடாமல் எதை நீக்குவது என்று பட்டியல் போடுவது. விண்டோஸ் ஏற்காதவை ஒன்பது: சிறிது, பெரிது குறிகள், முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், இரு பக்கச் சாய்கோடுகள், நிலைக்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம். இவற்றோடு வரிமுறிவு முதலான கட்டுப்பாட்டுக் குறிகள், எழுத்தின் திசையைத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஆகியவற்றையும் நீக்குங்கள். வரிமுறிவை விட்டுவைத்தால் ஹெடருக்குள் இன்னொரு ஹெடரை நுழைக்க வழியாகும். திசைக்குறியை விட்டுவைத்தால் நீட்டிப்பை மறைத்து ஏமாற்றலாம். பெயரின் முதலிலும் கடைசியிலும் உள்ள புள்ளி, இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள்.

வட்டில் சேமிக்கும் பெயர் வேறு, வாசகருக்குக் கொடுக்கும் பெயர் வேறு என்று பிரித்துவிடுவது இன்னும் நல்லது. உள்ளே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் தரவுத்தளத்தில் இருக்கட்டும்.

ஏற்றும் இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். உலாவிகள் படிவத்தில் கோப்புப் பெயரை நேரடி யூடிஎஃப்-8 ஆகத்தான் அனுப்புகின்றன. நோட் உலகில் கோப்பேற்றத்துக்கு 'மல்டர்' நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு அது லத்தீன்-1 என்று படிக்கப்பட்டுக் கையில் கிடைக்கலாம். அங்கேயே லத்தீன்-1 பைட்டுகளாக்கி யூடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்துச் சரிசெய்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

படி 6: ஒரே பெயர், ஒரே வடிவம்

'கோவை' என்று இரண்டு கோப்புகள் ஒரே அடைவில் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியாக இருக்கும். மற்றதில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். யூனிகோடில் இரண்டும் சமம் என்றுதான் விதி. ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஆகிய கோப்பு முறைமைகள் இரண்டும் பைட் வேறானால் பெயர் வேறு என்றே கொள்ளும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்த வடிவில்தான் எழுதிவைக்கும். அங்கிருந்து வந்த கோப்புகளால்தான் இந்தக் குழப்பம் அதிகம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும்.

பெயரைச் சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்கு மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்', பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' நூலகத்தின் அதே பெயர்ச் செயல். ஒரு வரி வேலைதான், ஆனால் தேடல் பெட்டியில் கிடைக்காத கோப்புகள் கிடைக்கத் தொடங்கும்.

படி 7: நீளத்தை அளந்து வெட்டுங்கள்

தமிழுக்கு நீளம் ஒரு தனிச் சிக்கல். 'சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலமும் மீனவர் வாழ்வும்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஆறே சொல். யூனிகோடு குறிகளாக எண்ணினால் 45, இடைவெளி 5. பைட்டாக 140. நீட்டிப்புக்கு 4 சேர்த்தால் 144. ஹெடருக்காகக் குறியாக்கினால் 424 எழுத்து.

லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதலாம், தமிழில் 85 குறிதான். பெயரையும் மறைகுறியாக்கும் இகிரிப்ட்எஃப்எஸ் அடைவுகளில் எல்லை 143 பைட். மேலே சொன்ன தலைப்பு ஒரே ஒரு பைட்டால் அங்கே நுழையாது. என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறி வரை விடும், ஆனால் விண்டோஸில் முழுப் பாதையே 260 எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற பழைய எல்லை பல நிரல்களில் இன்னும் இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுபவர்களுக்கு 240 பைட்.

இறங்கிக்கொண்டிருக்கும்போது உலாவி பெயரோடு தற்காலிக வால் ஒன்றை ஒட்டும், குரோமில் அது 11 எழுத்து. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அடைப்புக்குள் எண் வேறு சேரும். இவற்றுக்கெல்லாம் இடம் விட்டு, நீட்டிப்போடு 180 பைட்டில் நிறுத்துவது என் வழக்கம்.

வெட்டும்போது பைட்டில் வெட்டாதீர்கள், குறியிலும் வெட்டாதீர்கள். பைட்டில் வெட்டினால் அரை எழுத்து மிஞ்சி, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். குறியில் வெட்டினால் 'வாழ்வு' என்பது 'வாழ்வ' என்று நிற்கும். முழுச் சொல்லில் வெட்டுங்கள். இடைவெளியைப் பார்த்துப் பின்னால் வந்தால் போதும். ஒற்றைச் சொல்லே நீளமென்றால் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல்-செக்மென்டர், பிஎச்பியின் கிராஃபீம் செயல்கள் எழுத்தெல்லையைக் காட்டும்.

படி 8: ஜிப்பும் மீட்பும்

ஜிப் வடிவத்தில் பெயர்கள் யூடிஎஃப்-8 என்று சொல்ல ஒரு கொடி உண்டு, 11-ஆம் பிட். 2006-இல்தான் அது விதிமுறையில் சேர்ந்தது. கொடி இல்லாவிட்டால் அவிழ்க்கும் கருவி 437 என்றோ தன் கணினியின் பழைய குறியாக்கம் என்றோ எடுத்துக்கொள்ளும். பைத்தானின் ஜிப்ஃபைல் தமிழ்ப் பெயர் கண்டால் கொடியைத் தானே ஏற்றிவிடும். வேறு நூலகம் என்றால் அமைப்பைத் தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே சிதைந்த கோப்புகளை மீட்க முடியுமா? ஜிப்பில் 437 ஆகச் சிதைந்த பெயரை முழுதாக மீட்கலாம். 437-இல் 128 முதல் 254 வரை ஒவ்வொரு பைட்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஓர் உரு இருக்கிறது, எதுவும் தொலைவதில்லை. 437 பைட்டுகளாக்கி யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் திரும்பி வந்துவிடும்.

வலை வழியாகச் சிதைந்தது அப்படியல்ல. புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறிக்கு 129. லத்தீன்-1-இல் இந்த இரண்டு இடத்திலும் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள், அதன் விண்டோஸ் வடிவமான விண்டோஸ்-1252-இல் அவை காலி இடங்கள். கோப்பை எழுதும் நிரல் கட்டுப்பாட்டுக் குறிகளைக் களைந்துவிட்டால் புள்ளியும் உகரமும் நிரந்தரமாகப் போயின. 'ஏ', 'ஐ' என்ற உயிரெழுத்துகளுக்கும் (143, 144) இதே கதி. எங்கள் பழைய பெயர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன. அட்டைப் படத்தைப் பார்த்துக் கையால்தான் திரும்ப எழுதினேன்.

படி 9: ஜாவாஸ்கிரிப்ட் வழியாக இறக்கினால்

இணைப்பில் 'டவுன்லோடு' என்ற பண்பில் பெயரைத் தருவது எளிது. அங்கே தமிழை நேராகவே எழுதலாம். குரோம் 14, ஃபயர்ஃபாக்ஸ் 20, சஃபாரி 10.1 முதல் உண்டு. ஆனால் கோப்பு அதே தளத்தில் இருக்க வேண்டும், அல்லது பக்கத்திலேயே உருவாக்கிய பிளாப் (உலாவியின் நினைவகத்தில் இருக்கும் கோப்புத் தரவு) ஆக இருக்க வேண்டும். வேறு தளத்துக் கோப்புக்கு அந்தப் பெயர் எடுபடாது. சர்வர் ஹெடரில் பெயர் இருந்தால் ஹெடர்தான் ஜெயிக்கும்.

ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் வேறு தளத்திலிருந்து எடுத்து ஹெடரைப் படிக்கப் பார்த்தால், அது வெறுமையாக வரும். 'ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ்' என்பதில் கன்டென்ட்-டிஸ்பொசிஷனையும் சேர்த்து அந்த சர்வர் அனுமதி தர வேண்டும்.

படி 10: சோதனை

நான் வைத்திருக்கும் சோதனைப் பெயர்: 'கோவையின் கௌதாரி, 50% ஒளி (2-ஆம் பதிப்பு)'. ஓகாரம், ஔகாரம், காற்புள்ளி, சதவீதம், அடைப்பு, இடைவெளி எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஐபோனின் சஃபாரி, ஏதாவது ஓர் ஆண்ட்ராய்டு போன் ஆகியவற்றில் இறக்குங்கள். இறங்கிய பெயரை நகலெடுத்து மூலப் பெயரோடு நிரலில் ஒப்பிடுங்கள், கண்ணை நம்பாதீர்கள். கட்டளை வரிக் கருவியான கர்ல் கொண்டு சோதித்தால் ஹெடரை மட்டும் பாருங்கள். அதன் ஹெடர்ப் பெயர் வசதி சதவீதக் குறியாக்கத்தை அவிழ்க்காது.

எல்லாம் முடிந்ததும் ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி இறக்கிப் பார்க்கச் சொன்னேன். பெயர் தமிழில் வந்தது என்றார். "ஆனா தம்பி, நீங்க இதழ் பேரை முன்னாடி போட்டு மாசத்தைக் கடைசியில போட்டிருக்கீங்க. போன்ல கடைசிப் பாதி தெரியவே இல்ல. பத்தும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

அன்று மாலையே வார்ப்புருவை மாற்றினேன். இப்போது ஆண்டும் மாதமும் முதலில் வருகின்றன, அப்புறம்தான் இதழின் பெயர்.